கழற்றி வைத்த பற்றறி

இராஜநாயகம் அங்கிள் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வாடகைக்கு வந்தபோது ஒரு சூட்கேசும் மின்கேத்தலும் மடிக்கணினிப் பையும் கொண்டுவந்தார். சூட்கேசை அன்றே கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். உடுப்புகளை அலுமாரியில் அடுக்கும்படி அம்மா சொல்லிப் பார்த்தார்.

"இருக்கட்டும் தங்கச்சி. தேவைப்படேக்க எடுக்கலாம்" என்றார்.

அந்த அலுமாரி வெறுமையாகவே கிடந்தது.

அது போன வருடம், 2007. ஜூன் மாதம் கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கியிருந்த வடக்குச் சனங்களைப் பொலிஸ் விடிய முன்னமே பஸ்களில் ஏற்றி வடக்குக்குத் திருப்பி அனுப்பியது. அதன் பிறகு லொட்ஜில் இருக்க எல்லோருக்கும் பயம். தப்பியவர்கள் வீடுகளில் அறை தேடினார்கள். அவரும் அப்படி வந்தவர்தான். வந்த மறுநாள் அம்மாவுடன் பொலிசுக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். கொழும்பில் என்ன அலுவல் என்று அங்கே கேட்பார்கள். அதற்குக் காட்ட அவரிடம் ஒரு கடிதம் இருந்தது. இவர் தன்னிடம் வேலை செய்கிறார் என்று மஷூர் ஹாஜியார் எழுதிக் கொடுத்த கடிதம். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் சேர்ட் பையில் வைத்திருப்பார்.

அவருடைய வேலையை நான் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். இப்போதைய வாகனங்களுக்குள் எஞ்சினைக் கவனிக்கச் சிறிய கணினி ஒன்று இருக்கிறது. ஏதும் பழுது வந்தால் அது ஒரு பிழை இலக்கத்தைத் தனக்குள் பதிந்து வைக்கும். அந்த இலக்கத்தை வாசிப்பதற்கு மடிக்கணினியில் ஒரு புரோகிராம் வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சொக்கெட்டில் செருக, வயர் வைத்த ஒரு கறுப்புப் பெட்டியும் வேண்டும். கொட்டாஞ்சேனையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் மஷூர் ஹாஜியார் இரண்டையும் வெளிநாட்டிலிருந்து எடுப்பித்திருந்தார். அங்கிள் முன்பு மஸ்கட்டில் இதே வேலை செய்தவர் என்பதால் அவரைப் பிடித்தார். இரத்மலானை, நுகேகொடை, கொலன்னாவை என்று கராஜ் கராஜாக அனுப்புவார். கறுப்புப் பெட்டி மட்டும் ஹாஜியாரின் வானில் முன்னால் போய்விடும். வயர் தொங்கும் பெட்டியைத் தமிழ் ஆள் ஒருவர் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. அதை யாரும் யாருக்கும் சொல்லவேண்டி இருக்கவில்லை.

அந்தப் புரோகிராமுக்கு ஒரு லைசென்ஸ் உண்டு. அது அந்த ஒரு மடிக்கணினியில் மட்டும்தான் வேலை செய்யும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கணினியின் உள்ளுறுப்புகளைப் பார்த்து ஓர் அடையாள இலக்கம் உண்டாக்கி, இது பழைய கணினிதானா என்று ஒப்பிடும். ஒப்பாவிட்டால் ஹார்ட்வெயார் அடையாளம் பொருந்தவில்லை, முகவரைத் தொடர்புகொள்ளவும் என்று சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டுப் பூட்டிக்கொள்ளும். பிறகு முகவரின் அலுவலகத்துக்கு போன் எடுத்து, திரையில் காட்டும், எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட இலக்கத்தை வாசிக்க வேண்டும். அவர்கள் பதிலுக்கு ஒரு இலக்கம் தருவார்கள். அதை அடித்தால் பூட்டுத் திறக்கும்.

கொலன்னாவைக்குப் போன ஒரு நாளில்தான் முதன்முதலாகப் பூட்டிக்கொண்டது. அங்கிள் வாடிப்போன முகத்தோடு திரும்பி வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்தார். பின்னறையில் சிக்னல் இல்லை. கை இரண்டும் கீபோர்ட்டில் இருக்க வேண்டும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டார். மறுபக்கம் பேசியவர் முகவர் அலுவலகத்தில் வேலை செய்யும் பலீல். இளம் குரல். 'சொல்லுங்க' என்பதைச் 'செல்லுங்க' என்பார்.

"செல்லுங்க அண்ணே, மெஷின்ல என்ன காட்டுது?"

"K. கிளிநொச்சி K. பிறகு M. முல்லை..."

போன் வெட்டுப்பட்டுவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

"அண்ணே, அண்ணே," குரல் தணிந்து வந்தது. "ஊர்ப் பேர் வாணாம். போன்ல பேசுறோம். சாப்பாட்டுப் பேர் செல்லுங்களே."

"என்ன சாப்பாடு?"

"K எண்டா கொத்து. M எண்டா மாசி. லேசு தானே?"

அங்கிள் திரையைப் பார்த்து யோசித்தார். "அப்ப P எண்டா பிட்டு."

"ஆ, பாத்தீங்களா! V எண்டா வட்டிலப்பம்."

"நான் வட்டிலப்பம் சாப்பிட்டதில்லைத் தம்பி."

"யா அல்லாஹ்! கொழும்புல இரிக்கிற ஆள் செல்ற கதையா இது? பெருநாளைக்கு எங்கட வீட்டுக்கு வாங்க. உம்மா செஞ்சா ஒரு சட்டி உங்களுக்குத் தனியா."

அம்மா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார். எழுத்தெல்லாம் சாப்பாடாகப் போய்ச் சேர்ந்து, இலக்கம் வந்து, பூட்டுத் திறந்தது. அன்று அங்கிள் உடனே பின்னறைக்குப் போகவில்லை. மேசையிலேயே இருந்து பலீல் சொன்னதை எல்லாம் அம்மாவுக்குத் திருப்பிச் சொன்னார். அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தவர் என்பதை மறந்துவிட்டார்.

அவருக்குக் கதைக்க வேறு ஆட்கள் இல்லை. மனைவி கனகேஸ்வரி ஆன்ரி யாழ்ப்பாணத்தில். சண்டை மறுபடி தொடங்கி வடக்குப் பாதை பூட்டியபோது அவர் இந்தப் பக்கமும் ஆன்ரி அந்தப் பக்கமுமாக அகப்பட்டுக்கொண்டார்கள். ஆன்ரி கொழும்புக்கு வர ஆமியின் பாஸ் வேண்டும், கப்பலில் இடம் வேண்டும். இரண்டுக்கும் பதிந்துவிட்டுக் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்ரி அங்கே போன் உள்ள பக்கத்து வீட்டுக்கு வந்து நிற்பார். அங்கிள் எடுப்பார். சுகமா, மழையா, பாஸ் வந்ததா. அவ்வளவுதான் அந்த லைனில் கதைக்கலாம். யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வேலைக்குப் போகும் நாட்களில் அவர் ஆயத்தமாவதைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பரீட்சைக்குப் போகிறவர் போல இருக்கும். அடையாள அட்டை, பொலிஸ் பதிவின் பிரதி, கடிதம் மூன்றும் சேர்ட் பையில் அந்த ஒழுங்கில் இருக்கும். கொலன்னாவை நாளென்றால் இன்னொன்றும் உண்டு. அங்கே எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. ஏப்ரலில் ஆகாயத்திலிருந்து குண்டு விழுந்த பிறகு சோதனைச் சாவடியில் கடுமை கூடிவிட்டது. அவர் முதல் முறை போனபோது, மடிக்கணினியின் பற்றறியைக் கழற்றி உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டச் சொன்னார்களாம். பயத்தில் அவரால் பற்றறியைப் பிடித்திருக்கும் கொளுவியைத் தள்ள முடியவில்லை. பின்னால் நின்ற சனம் ஏசியது. ஆமிக்காரன் கத்தினான். அதன் பிறகு, போவதற்கு முந்தின நாள் மாலையே பற்றறியைக் கழற்றிப் பத்திரிகைத் தாளில் சுற்றி, பையின் பக்கத்துப் பொக்கெட்டில் வைத்துவிடுவார். கேட்க முன்னமே எடுத்துக் காட்டலாம்.

புரோகிராம் இரண்டாம் முறையும் கொலன்னாவையில்தான் பூட்டிக்கொண்டது. மூன்றாம் முறையும் அங்கேதான். இடையில் சில நாட்கள் கொலன்னாவைக்குப் போயும் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவரைப் போட்டுக் குழப்பியது. அந்தக் கராஜின் கரண்டில் பிழை என்று நினைத்து, எங்கள் வீட்டிலிருந்து ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் கோர்ட் வாங்கிக்கொண்டு போனார். பஸ் குலுக்கத்தில் ஹார்ட் டிஸ்க் ஆடுகிறதோ என்று மடிக்கணினியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனார். கறுப்புப் பெட்டியின் வயரை மாற்றினார். எதுவும் உதவவில்லை.

ஒவ்வொரு முறையும் பலீல் கேட்பார். "அண்ணே, மெஷின்ல ஏதாச்சும் கழட்டினீங்களா? ரெம், டிஸ்க், ஏதாவது?"

"ஒண்டும் கழட்டேல்லைத் தம்பி. தொடக்கூட இல்லை."

"நல்லா யோசிச்சுச் செல்லுங்க."

"சத்தியமா இல்லை."

நான்காம் முறை இலக்கம் தந்துவிட்டு பலீல் சிரிக்கவில்லை.

"அண்ணே, இன்னும் ஒண்டு தான் இரிக்கி. ஒரு லைசென்சுக்கு இவ்வளவு தான் எண்டு கம்பனி கணக்கு வச்சிரிக்கி. கடைசியும் போன பொறகு பூட்டிச்செண்டா பூட்டினது தான். எனக்கு ஒண்டும் செய்ய ஏலா."

அங்கிள் அதை ஹாஜியாரிடம் மறைக்கவில்லை. கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சொன்னார். ஹாஜியார் என்ன சொன்னார் என்பதை வந்து எங்களுக்கும் சொன்னார். "அண்ணன், உங்க மேல எனக்குக் கோவமில்ல. ஆனா இன்னொரு செட் எடுக்க மாட்டன். இது போச்செண்டா இந்த வேலையே வாணாம். வேலை இல்லாம நான் கடிதத்தில என்னத்த எழுதுற? பொய் எழுத ஏலாதே."

நியாயமான மனிதர். அதுதான் கஷ்டம். கடிதம் இல்லை என்றால் பொலிஸ் கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லை. பதில் இல்லை என்றால் இந்த நகரத்தில் இருக்க முடியாது. ஆன்ரிக்குப் பாஸ் கிடைத்துக் கப்பலேறி வரும்போது, வந்து சேர ஓர் இடம் வேண்டும். அந்த இடம் எங்கள் பின்னறை. அது ஒரு மடிக்கணினி பூட்டாமல் இருப்பதில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அங்கிள் கொலன்னாவைக்குப் போகும் நாட்களில் காலைச் சாப்பாட்டைத் தொடமாட்டார்.

இவ்வருடம் பெப்ரவரியில் ஒரு மழை நாள். சாவடியில் நீண்ட வரிசை. அவருடைய முறை வந்தபோது அடையாள அட்டை, பதிவு, கடிதம், தாளில் சுற்றிய பற்றறி எல்லாவற்றையும் வழக்கம்போல மேசையில் பரப்பினார். அன்று நின்றவன் புதியவன், சின்னப் பெடியன். அவனுக்கு அது போதவில்லை. பற்றறியைப் போட்டுக் கணினியை இயக்கிக் காட்டச் சொன்னான். அங்கிள் போட்டார். பொத்தானை அமத்திவிட்டு, இரண்டு கைகளையும் மேசை விளிம்பில் வைத்துக்கொண்டார்.

கணினி எழும்பியதும் அந்தப் புரோகிராம் தானாகவே தொடங்கித் திரை முழுவதையும் மூடிவிடும். அதற்கு முன் அரை நிமிடம் வெறும் திரை தெரியும். கராஜுகளில் அந்த அரை நிமிடம் அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து வயர் செருகிக்கொண்டிருப்பார். அதனால் அந்தத் திரையை அவர் கவனித்ததே இல்லை. அன்று பெடியன் குனிந்து பார்த்தான். திரையின் மூலையை விரலால் தொட்டான். சிங்களத்தில் சொன்னான்:

"அங்கிள், உங்கட கொம்பியூட்டர் இன்னும் சாம காலேயில நிக்குதே!"

சாம காலே என்றால் சமாதான காலம். திகதி 2002 ஜனவரி ஒன்று என்று இருந்தது, போர்நிறுத்தம் வந்த வருடம். பெடியன் பக்கத்தில் நின்றவனையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான்.

அங்கிளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. பெரிய பற்றறியைக் கழற்றினாலும் நேரத்தைக் காப்பாற்றுவதற்கு மடிக்கணினிக்குள் நாணயம் போன்ற சிறிய பற்றறி ஒன்று இருக்கும். அது செத்துக்கொண்டிருந்தது. சில நாட்கள் இரவைத் தாங்கியது, சில நாட்கள் தாங்கவில்லை. தாங்காத நாட்களில் மணிக்கூடு தொடக்கத் திகதிக்குப் போய்விடும். திகதி பின்னால் போனதைக் கண்ட புரோகிராம், யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பூட்டிக்கொள்ளும். சொல்வது மட்டும் ஹார்ட்வெயார் பிழை என்று. பலீல் தரும் இலக்கத்துக்குள் அன்றைய திகதியும் இருப்பதால், அதை அடித்ததும் மணிக்கூடு சரியாகிவிடும். பிறகு யார் தேடினாலும் ஒன்றும் அகப்படாது.

இது விளங்கிய நேரம் திரையின் நடுவில் புரோகிராமின் படம் வந்துவிட்டது. கீழே பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது. அது முடிவதற்குள் கணினியை நிறுத்தினால் போதும். பொத்தான் அவருடைய விரலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

சாவடியில் கையைச் சட்டென்று அசைக்கக்கூடாது. அவர் இத்தனை வருடமும் அப்படித்தான் இருந்தவர். கை எழும்பவில்லை.

"மஹத்தயா..." என்றார். ஐயா என்று.

"மொக்கத?" என்று கேட்டான் பெடியன். என்ன என்று.

கேட்டவன் சிரித்த முகத்தோடுதான் கேட்டான். அவர் வாயைத் திறந்தார். ஒரு சிங்களச் சொல்லும் வரவில்லை. கோடு ஓடி முடிந்தது. சிவப்பு எழுத்து வந்தது.

"ஹரி, யன்ன" என்று பெடியன் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். சரி, போங்கள்.

அன்று மத்தியானம் எங்கள் மேசையில் இருந்துகொண்டு அங்கிள் இதைச் சொன்னார். "ஒரு சொல்லுத்தான் பிள்ளை. 'ஓஃப்' எண்டு சொல்லியிருந்தா அவனே ஓஃப் பண்ணியிருப்பான். நல்ல பெடியன்." பிறகு இன்னொரு தரமும் சொன்னார், "நல்ல பெடியன்" என்று.

பலீலுக்கு போன் எடுத்தார்.

"பூட்டிட்டுதா அண்ணே?" பலீலின் குரலிலேயே பயம் தெரிந்தது.

"ஓம். ஆனா இப்ப நம்பர் தராதேங்கோ. காரணம் பிடிச்சிட்டன். முதல்ல அதைச் சரிக்கட்டிப் போட்டு எடுக்கிறன்."

காரணத்தைச் சொன்னார். பலீல் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "அண்ணே! கழட்டினீங்களா, கழட்டினீங்களா எண்டு எத்தின தரம் கேட்டன்! சத்தியமெல்லாம் பண்ணினீங்களே!"

"அதைக் கழட்டுறதெண்டு நான் நினைக்கேல்லைத் தம்பி. வெளிக்கிடேக்க சேர்ட் போடுறம். அது மாதிரி."

சிரிப்பு நின்றது.

"ஓ," என்றார் பலீல். "விளங்குது. நானும் பஸ்ஸால எறங்கக்குள்ள ஐடென்டிட்டிய கையில எடுத்துக்கிட்டுத் தான் எறங்குவன். யாரும் கேக்காட்டியும்."

அங்கிள் மடிக்கணினியைப் பிரித்தார். கீபோர்ட்டுக்குக் கீழே, மஞ்சள் பிளாஸ்டிக்கில் சுற்றிய அந்தச் சிறிய பற்றறி இருந்தது. இரண்டு மெல்லிய வயர்கள். வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் மணிக்கூடு திருத்தும் கடையில் அதே அளவில் ஒன்று வாங்கி, அங்கேயே வயரை ஒட்டுவித்துக்கொண்டு வந்து பொருத்தி, திகதியையும் நேரத்தையும் சரியாக வைத்தார். பிறகு பெரிய பற்றறியைக் கழற்றி வைத்துவிட்டு மடிக்கணினியை எங்கே வைப்பதென்று அறையைச் சுற்றிப் பார்த்தார். அலுமாரியைத் திறந்து நடுத்தட்டில் வைத்தார். சனி முழுதும் அது அங்கே இருந்தது. ஞாயிறு காலை அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். புரோகிராமைத் தொடங்க விடாமல் திகதியை மட்டும் காட்டினார். சரியான திகதி, சரியான நேரம். அம்மா சுவர் மணிக்கூட்டையும் ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"எங்கட மணிக்கூடு தான் அஞ்சு நிமிசம் பிந்தி நிக்குது அண்ணை" என்றார்.

திங்கட்கிழமை கடைசி இலக்கம். அங்கிள் மெதுவாக வாசித்தார். கொத்து, பிட்டு, தோசை, மறுபடி பிட்டு. V வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து "வட்டிலப்பம்" என்றார்கள். பலீல் தந்த இலக்கத்தை அங்கிள் ஒவ்வொன்றாக அடித்தார், இரண்டு முறை சரிபார்த்தார், பிறகுதான் பொத்தானை அமத்தினார். பூட்டுத் திறந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றது போன். "இனி பூட்டாது அண்ணே."

"இனிப் பூட்டாது."

"அப்ப இனி நீங்க எனக்கு எடுக்க வேண்டி வராது. நல்லது தானே?"

"ஓம். நல்லது தான்."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"பெருநாளைக்கும் வரல்லையே நீங்க."

"அந்தப் பக்கம் வரக் கொஞ்சம் கரைச்சலாப் போச்சுது."

"அதுவும் சரி தான்." பிறகு, "மத்த லைன் அடிக்குது அண்ணே. வைக்கவா?"

"வையுங்கோ தம்பி."

லைசென்ஸ் வேலை செய்கிறது. கடிதம் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. ஹாஜியார் அவரை மறுபடி எல்லாக் கராஜுக்கும் அனுப்புகிறார். பலீலுக்கு போன் எடுத்து எங்கள் மேசையில் இருந்து கதைக்க இனி அவருக்குக் காரணம் இல்லை. வந்ததும் நேரே பின்னறைக்குப் போய்விடுகிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆன்ரிக்கு எடுத்தபோது நான் கூடத்தில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெடியனின் பகிடியை ஆன்ரிக்குச் சொல்ல அவருக்கு ஆசை. பிழை பிடிபட்ட அந்த நாட்களில் அம்மாவுக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தவர். போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாய்த்து வைத்தார். லைன் கரகரத்தது.

"இஞ்சேருங்கோ, சுகமா இருக்கிறியளே?"

"ஓம், சுகம். லப்டொப்பில ஒரு பிழை இருந்ததெல்லே. பிடிச்சிட்டன்."

"என்ன பிழையாம்?"

"நேரம். மணிக்கூடு பின்னுக்குப் போயிட்டுது."

"எவ்வளவு பின்னுக்கு?"

அங்கிள் வாயெடுத்தார். லைனில் எங்கேயோ ஒரு 'டிக்' சத்தம் கேட்டது. வழக்கமாகக் கேட்கிற சத்தம்தான்.

"கொஞ்சம்" என்றார்.

"அதுக்கே இவ்வளவு பாடுபட்டனியள்?" ஆன்ரி சிரித்தார். "பாஸ் இன்னும் வரேல்லை. இந்த மாதம் தருவினமெண்டு சொல்லுகினம்."

"தருவினம். மழை ஏதுமே?"

"இல்லை. இஞ்ச வெயில்."

போனை வைத்துவிட்டு அவர் பின்னறைக்குப் போனார். மறுநாள் கொலன்னாவை. சிறிது நேரத்தில் கொளுவி தள்ளுப்படும் சத்தமும், பற்றறியைச் சுற்றுவதற்குப் பத்திரிகைத் தாள் கிழியும் சத்தமும் கேட்டன.